0.3 சதவீதத்தை அளக்க ஒரு சிலிண்டர் வேண்டும்: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு போக்குவரத்துத் துறை ஆணையர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள், மோட்டார் வாகன ஆய்வாளர்கள், புகைப் பரிசோதனை மையங்களை நடத்தும் உரிமையாளர்கள்.

வணக்கம்.

பெட்ரோல் வண்டிகளின் புகையை அளக்கும் கேஸ் அனலைசர்களைப் பழுதுபார்ப்பதும் கேலிப்ரேஷன் செய்வதும் (அளவு தெரிந்த வாயுவோடு ஒப்பிட்டுத் திருத்துவதும்) எங்கள் தொழில். டீசல் வண்டிக்கான புகைமானி வேறு வகைக் கருவி. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மையத்தை ஆய்வு செய்ய வரும் அலுவலர், சுவரில் மாட்டியிருக்கும் கேலிப்ரேஷன் சான்றிதழின் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டாம். தெரிந்த அளவு கலந்த வாயுவை, ப்ரோபின் (சைலன்சருக்குள் செருகும் குழாயின்) நுனி வழியாக, தன் கண்ணெதிரே கருவிக்குள் விடச் சொல்லுங்கள். அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். திரையில் தெரியும் எண்ணை, யாரும் எதையும் திருத்துவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். குறைந்த அளவு வாயு, ப்ரோப் வழி, திருத்தும் முன் எண் என்ற இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சோதனையால் பயனில்லை. அது ஏன் என்பதைத்தான் இந்த மடலில் விளக்குகிறோம்.

2000-க்கு முந்தைய இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். கருவி 0.1 தள்ளிக் காட்டினாலும் அங்கே ஒன்றும் கெட்டுவிடாது. பாரத் ஸ்டேஜ் 4, 6 கார்களுக்கு வரம்பு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு). எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றிப் பார்க்கும்போது 0.2 சதவீதம்தான், காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலக்கின்றனவா என்று காட்டும் லாம்ப்டா எண்ணும் 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் நிற்க வேண்டும். இங்கே அதே 0.1 தவறு வரம்பில் மூன்றில் ஒரு பங்கு. வரம்பு பதினைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால் 3.5 சதவீத வாயுவை வைத்து ஆண்டுக்கு ஒரு முறை திருத்திவிட்டுப் போகும் பழக்கம் மட்டும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

பன்னாட்டுச் சட்ட அளவியல் அமைப்பின் ஆர்-99 பரிந்துரைப்படி, முதல் வகுப்புக் கருவி ஒன்று கார்பன் மோனாக்சைடில் 0.06 சதவீதப் புள்ளி வரை தவறலாம். நன்றாக வேலை செய்யும் கருவிகூட 0.30 இருக்கும் இடத்தில் 0.24 என்றோ 0.36 என்றோ காட்ட அனுமதி உண்டு என்று பொருள். இருக்கிற இடைவெளி அவ்வளவுதான். ஓட்டைக் குழாய், அழுக்கு ஃபில்டர், தவறான ஜீரோ (சுத்தமான காற்றை இழுத்துக் கருவி எடுக்கும் பூஜ்யம்) என்று மேலும் ஏற்றுவதற்கு அதில் இடமே கிடையாது.

கருவிக்குள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். பெஞ்ச் என்று நாங்கள் சொல்வது ஒரு குழாய். ஒரு முனையில் சூடான சிறு இழை, மறு முனையில் உணரிகள், நடுவே புகை ஓடும். கார்பன் மோனாக்சைடு 4.6 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டியும், கார்பன் டைஆக்சைடு 4.26 மைக்ரானிலும், ஹைட்ரோகார்பன் 3.4 மைக்ரானை ஒட்டியும் அகச்சிவப்புக் கதிரை விழுங்கும். ஒவ்வோர் உணரிக்கு முன்னாலும் அதற்குரிய அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது. நான்காவது உணரி, எந்த வாயுவும் விழுங்காத 4 மைக்ரானை ஒட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் ஒப்பீட்டு உணரி. இழை மங்கினாலும் ஜன்னலில் தூசு படிந்தாலும் எல்லா உணரிகளுக்கும் வெளிச்சம் ஒரே விகிதத்தில் குறையும், ஆகவே கணக்கு தவறாது என்பது இந்த அமைப்பின் நம்பிக்கை.

தூசு விஷயத்தில் அந்த நம்பிக்கை சரி. எண்ணெய் விஷயத்தில் சரியில்லை. எண்ணெய்ப் படலமும் ஹைட்ரோகார்பன்தான், அது 3.4 மைக்ரானில் விழுங்கும், 4 மைக்ரானில் விழுங்காது. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை நிறையச் சோதித்த கருவியில் ஜன்னல் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஏறிவிட்டால், புகையே இல்லாதபோதும் கருவி ஹைட்ரோகார்பனைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஜீரோவும் அதை மூடி மறைக்கும். மறைக்க முடியாத நாள் வரும்போது பெஞ்சையே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று. வாயு இரண்டு மடங்கானால் உறிஞ்சல் இரண்டு மடங்காவதில்லை, அது வளைந்து செல்லும் கோடு. வளைவின் வடிவம் தொழிற்சாலையில் பதிந்தது. மையத்தில் நாம் செய்வது, அந்த வளைவை ஒரு புள்ளியில் பிடித்து ஏற்றி இறக்குவது மட்டும். 3.5-இல் பிடித்துச் சரிசெய்த கருவி 0.3-இலும் சரியாக இருக்கும் என்பது, சரிபார்க்கும்வரை அனுமானம்தான். ஆகவே உயர்ந்த அளவு வாயுவை வைத்துத் திருத்தலாம், ஆனால் சரிபார்ப்பதைக் குறைந்த அளவு வாயுவால்தான் செய்ய வேண்டும். கலிபோர்னியாவின் பிஏஆர்-97 என்ற புகைப் பரிசோதனை முறையில் குறைந்த அளவு வாயு என்பது 0.5 சதவீதக் கார்பன் மோனாக்சைடு, 6 சதவீதக் கார்பன் டைஆக்சைடு, 200 பிபிஎம் புரொப்பேன். நம் ஊர்த் தேவைக்கும் இந்தக் கலவை பொருந்தும், நைட்ரிக் ஆக்சைடு கலக்காமல், மீதி முழுக்க நைட்ரஜனாக. கார்பன் மோனாக்சைடு மட்டும் கலந்த சிலிண்டரை வாங்காதீர்கள். கார்பன் டைஆக்சைடின் பட்டை பக்கத்திலேயே இருப்பதால், அது கொஞ்சம் கசிந்து மோனாக்சைடு எண்ணைத் தொடும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அந்தக் கசிவு வெளியே தெரியும்.

சிலிண்டரோடு வரும் தாளில் கலவையின் உண்மையான அளவு, அதன் நிச்சயமின்மை, காலாவதித் தேதி, சிலிண்டர் எண் நான்கும் இருக்க வேண்டும். தயாரிப்பவர் ஐஎஸ்ஓ 17034 அங்கீகாரம் பெற்றவராக இருந்து, அளவு தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை தடம் பிடிக்கக் கூடியதாக இருந்தால் நல்லது. ஆர்டர் கொடுத்தது 0.50 என்றாலும் வந்தது 0.487 ஆக இருக்கலாம். கருவியில் பதிய வேண்டியது 0.487. சிலிண்டர் மாறிய பிறகும் பழைய எண்ணே கருவியில் கிடப்பது நாங்கள் அடிக்கடி காணும் தவறு.

இப்போது புரொப்பேன். கருவி ஹைட்ரோகார்பனை ஹெக்சேன் கணக்கில் காட்டும். ஆனால் ஹெக்சேனைச் சிலிண்டரில் அழுத்தி வைத்தால் திரவமாகிவிடும் என்பதால் சிலிண்டரில் வருவது புரொப்பேன். இரண்டுக்கும் நடுவே ஒரு பெருக்கு எண் உண்டு, பிஇஎஃப் என்று பெஞ்சின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். பொதுவாக 0.49 முதல் 0.54 வரை இருக்கும். 200 பிபிஎம் புரொப்பேன், பிஇஎஃப் 0.52 என்றால் திரையில் வர வேண்டியது 104. சில கருவிகள் புரொப்பேன் அளவைக் கேட்டுத் தாமே பெருக்கிக்கொள்ளும், சில ஹெக்சேன் அளவைக் கேட்கும். ஹெக்சேன் கேட்கும் கட்டத்தில் 200 என்று பதித்துவிட்டால், அன்று முதல் ஒவ்வொரு வண்டியின் ஹைட்ரோகார்பனும் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். நல்ல கார் தோற்கும். வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் போய், மாற்றத் தேவையில்லாத ஸ்பார்க் பிளக்கை மாற்றிக்கொண்டு வருவார். பெஞ்சை மாற்றும்போது புது பெஞ்சின் பிஇஎஃப்-ஐப் பதிய மறப்பது இதே தவறின் சிறிய வடிவம்.

கேலிப்ரேஷனைத் தொடங்கும் முன் கருவி அரை மணி நேரமாவது ஓடியிருக்கட்டும். திரையில் வார்ம்-அப் முடிந்தது என்று வந்தாலும் உள்ளே பெஞ்சின் வெப்பநிலை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டியதும் வால்வைத் திறந்து மூடி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விடுங்கள். குறைந்தது மூன்று முறை. இதைச் செய்யாவிட்டால் முதல் அரை நிமிடத்துக்கு வருவது காற்று கலந்த வாயு. அவசரக்காரர் அந்த எண்ணிலேயே பொத்தானை அழுத்திவிடுவார்.

அடுத்தது வாயுவின் வேகம். தேதியைப் பார்க்கும் ஆய்வில் அகப்படவே அகப்படாத தவறு இதில்தான் ஒளிந்திருக்கிறது. அகச்சிவப்புக் கருவி சதவீதத்தை எண்ணுவதில்லை, குழாய்க்குள் நிற்கும் மூலக்கூறுகளை எண்ணுகிறது. அழுத்தம் ஏறினால் அதே குழாய்க்குள் அதிக மூலக்கூறுகள் அடைபடும், எண் ஏறும். ரெகுலேட்டரை அதிகமாகத் திறந்து பெஞ்சுக்குள் 50 மில்லிபார் கூடுதல் அழுத்தம் ஏறிவிட்டால், கருவி சுமார் 5 சதவீதம் அதிகம் காட்டும். கேலிப்ரேஷன் செய்பவர் அதை இறக்கி விடுவார். அவர் போன பிறகு பம்ப் வழக்கம்போலப் புகையை இழுக்கும்போது கருவி 5 சதவீதம் குறைவாகக் காட்டும். அவர் கையில் இருந்த வாயு சரி, தாளில் உள்ள எண் சரி, கருவி மட்டும் தவறு. தயாரிப்பாளர் சொன்ன ஓட்டத்தை ரோட்டாமீட்டர் வைத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான். வெளியேறும் குழாய் எங்கும் மடங்கியிருக்கக் கூடாது. பெஞ்ச் அழுத்தத்தைக் காட்டும் சர்வீஸ் திரை இருந்தால், பம்ப் ஓடும்போது தெரியும் எண்ணும் வாயு விடும்போது தெரியும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அழுத்தத்தைப் பேசும்போது ஊட்டியைப் பேசாமல் விட முடியாது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரம். சென்னையில் 1010 மில்லிபாரை ஒட்டி நிற்கும் காற்றழுத்தம் அங்கே 770, 780-ஐ ஒட்டித்தான் இருக்கும், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. கருவியின் அழுத்த உணரி வேலை செய்யாவிட்டால், சமவெளியில் திருத்திக் கொண்டுபோன கருவி அங்கே உண்மையான 0.38 சதவீதத்தை 0.29 என்று காட்டித் தேற்றிவிடும். கார்பரேட்டர் வைத்த பழைய வண்டிகள் மலையில் காற்று மெலிந்து பெட்ரோல் மிகுந்த கலவையில் ஓடுகின்றன என்பதால், கூடுதலாகப் புகை விடும் இடத்தில்தான் கருவியும் குறைத்துக் காட்டுகிறது. கொடைக்கானலுக்கும் இதே கதைதான். ஏற்காட்டில் கொஞ்சம் குறைவு. மலை மாவட்ட மையங்களில் கேலிப்ரேஷனை அந்த இடத்திலேயே செய்ய வேண்டும். அழுத்த உணரியை ஒரு நல்ல பாரோமீட்டரோடு ஒப்பிட வேண்டும். வானிலை அறிக்கையில் வரும் அழுத்தத்தை எடுத்துப் பதிந்துவிடாதீர்கள். அது கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட எண், ஊட்டிக்கும் 1012 என்றே சொல்லும்.

இனி ப்ரோப் வழி ஏன் என்பதற்கு வருகிறோம். கருவியின் பின்புறம் கேலிப்ரேஷனுக்கென்று தனி நுழைவாய் உண்டு. அங்கே விட்ட வாயு நேரே பெஞ்சுக்குப் போகும். ப்ரோப், ஐந்தாறு மீட்டர் ஹோஸ், முதல் ஃபில்டர், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இவை எதையும் அது தொடாது. வண்டியின் புகையோ இவை எல்லாவற்றையும் தாண்டித்தான் வருகிறது. பம்ப் இழுக்கும் பக்கம் முழுவதும் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருப்பதால், சின்ன ஓட்டை இருந்தாலும் புகை வெளியே போகாது, காற்று உள்ளே வரும். வாடை வராது, சத்தம் வராது, கண்ணுக்கும் தெரியாது.

தண்ணீர்க் கிண்ணத்தைக் கழற்றி, விளிம்பில் இருக்கும் ஓ-ரிங்கை விரலால் வளைத்துப் பாருங்கள். தினமும் கழற்றி மாட்டியதில் ஒரு பக்கம் தட்டையாகி, வளைத்தால் நகக்கீறல் போல வெடிப்பு தெரியும். அந்த வெடிப்பு வழியே மூன்றில் ஒரு பங்கு காற்று சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.40 சதவீதம் மோனாக்சைடு விடும் கார் 0.27 என்று காட்டும். வரம்பு 0.30. தோற்க வேண்டிய கார் சான்றோடு வீட்டுக்குப் போகிறது. ஓ-ரிங்கின் விலை சில ரூபாய். பின்பக்க நுழைவாயில் எத்தனை முறை கேலிப்ரேஷன் செய்தாலும் இந்த வெடிப்பு அகப்படாது.

ஆனால் அச்சிட்ட தாளில் அது அகப்படும். அலுவலர்கள் இதைப் பழகிக்கொள்வது நல்லது. சரியான கலவையில் ஓடும், புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் வேலை செய்யும் பெட்ரோல் காரில் கார்பன் டைஆக்சைடு 14, 15 சதவீதம் இருக்கும், ஆக்சிஜன் ஒரு சதவீதத்துக்குக் கீழே. அதே காரில் டைஆக்சைடு 10, ஆக்சிஜன் 7 என்று இருந்தால் புகையோடு மூன்றில் ஒரு பங்கு காற்று கலந்திருக்கிறது. ஓட்டை கருவியில் இருக்கலாம், சைலன்சரில் இருக்கலாம், அல்லது ப்ரோபை 30 சென்டிமீட்டராவது உள்ளே செலுத்தாமல் நுனியில் செருகியிருக்கலாம். ஐரோப்பிய விதிகளில் இதற்கு ஒரு திருத்தக் கணக்கு உண்டு: நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மோனாக்சைடு எண்ணை 15-ஆல் பெருக்கி, இரண்டு கார்பன் வாயுக்களின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். மேலே சொன்ன 0.27-ஐ இப்படிக் கணக்கிட்டால் 0.39 கிடைக்கும், கிட்டத்தட்ட உண்மைக்கே திரும்பிவிடும். பைக்குகளில் மட்டும் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். புகை வெளியேறும் பாதைக்குள்ளேயே காற்றைச் செலுத்தும் அமைப்பு உள்ள பைக்கில் ஆக்சிஜன் இயல்பாகவே அதிகம் இருக்கும். ஒரே மையத்தில் கார்களின் வரிசையான முடிவுகளில் டைஆக்சைடு 11-ஐத் தாண்டாமல் நின்றால் குறை கருவியிலோ ப்ரோபைச் செருகும் முறையிலோதான்.

ப்ரோப் வழிச் சோதனையை இப்படிச் செய்யலாம். 10 லிட்டர் வாயுப் பை ஒன்றை எடுத்து, சிலிண்டர் வாயுவால் இரண்டு முறை கொஞ்சம் நிரப்பி அமுக்கி வெளியேற்றிவிட்டு, பிறகு முக்கால்வாசி நிரப்புங்கள். ப்ரோபின் நுனியில் ரப்பர்க் குழாயை இறுக்கமாக மாட்டிப் பையோடு இணைத்து, பம்பை ஓட விடுங்கள். பையை அமுக்கக் கூடாது. பம்பே இழுத்துக்கொள்ளட்டும், அப்போதுதான் வண்டியைச் சோதிக்கும் அதே அழுத்தம் கிடைக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள். 0.50 வாயுவுக்கு 0.44 முதல் 0.56 வரை, 6.0 டைஆக்சைடுக்கு 5.5 முதல் 6.5 வரை, 104 ஹெக்சேனுக்கு 92 முதல் 116 வரை வந்தால் கருவி தேறியது. கூடவே ஆக்சிஜனையும் பாருங்கள், அது காசில்லாமல் கிடைக்கும் சோதனை. சிலிண்டரில் ஆக்சிஜனே இல்லை, ஆகவே எண் பூஜ்யத்தை நோக்கி இறங்கியாக வேண்டும். 1 சதவீதத்திலேயே நின்றுவிட்டால் சுமார் 5 சதவீதம் காற்று எங்கோ கலக்கிறது, அல்லது ஆக்சிஜன் செல் செத்துக்கொண்டிருக்கிறது. எது என்று பார்க்க, அதே வாயுவைப் பின்பக்க நுழைவாயில் விடுங்கள். அங்கே பூஜ்யத்துக்கு இறங்கினால் ஓட்டை, அங்கேயும் இறங்காவிட்டால் பெரும்பாலும் செல். ஈயம் கரைந்து வேலை செய்யும் செல் ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அது தீர்ந்தால் லாம்ப்டா கணக்கும் கெடும்.

எண் ஏறும் வேகத்தையும் கவனியுங்கள். இறுதி அளவின் 95 சதவீதத்தை 15 விநாடிக்குள் தொட வேண்டும். முப்பது, நாற்பது விநாடி இழுத்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வரிசையில் வண்டிகள் நிற்கும் மையத்தில் அந்த நாற்பது விநாடிக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

சிலிண்டர் இல்லாத நாளில் ஆபரேட்டர் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்றைச் சொல்கிறோம். மூச்சைப் பத்து விநாடி அடக்கி, சுத்தமான பை ஒன்றில் ஊதி, அதைக் கருவிக்குக் கொடுங்கள். டைஆக்சைடு 4, 5 சதவீதமும் ஆக்சிஜன் 16-ஐ ஒட்டியும் வர வேண்டும். 2 சதவீதம்தான் வருகிறது என்றால் அன்றே ஹோஸைத் தேடுங்கள். இது கேலிப்ரேஷன் ஆகாது. ஓட்டையைப் பிடிக்க மட்டும் உதவும்.

ஜீரோவுக்கு இழுக்கும் காற்று இன்னொரு பலவீனமான இடம். கருவி தன் பின்புறத்திலிருந்து காற்றை இழுத்து, கரித்தூள் ஃபில்டர் வழியே அனுப்பி, இதுதான் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. கரி ஹைட்ரோகார்பனைப் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. தகரக் கொட்டகைக்குள் ஒரு வண்டி ஐந்து நிமிடம் ஐடிலில் நின்றால் அந்தக் காற்றிலேயே மோனாக்சைடு இருக்கும். அதைப் பூஜ்யம் என்று எடுத்தால் அத்தனையும் அடுத்த வண்டியின் கணக்கில் கழிந்துவிடும். ஜீரோ காற்றுக்கு ஒரு குழாய் போட்டு, கொட்டகைக்கு வெளியே, சைலன்சர் உயரத்துக்கு நன்றாக மேலே, சாலைக்கு எதிர்ப்பக்கம் வாயைத் திருப்பி வையுங்கள். கரியையும் காலத்தில் மாற்றுங்கள். நிறைந்துபோன கரி, வெயில் ஏறும்போது பிடித்து வைத்ததைத் திரும்ப விடும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஹோஸில் ஒட்டியிருக்கும் மிச்ச ஹைட்ரோகார்பன் 20 பிபிஎம்முக்குக் கீழே இறங்கியதா என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஹோஸ் கிழிந்தால் கடையில் கிடைக்கும் சாதாரணப் பிவிசி குழாயை மாட்டக் கூடாது. அது பெட்ரோல் ஆவியைக் குடித்து வைத்துக்கொண்டு, அடுத்த வண்டி வரும்போது கக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி: பெட்ரோல் புகையில் எட்டில் ஒரு பங்கு நீராவி. கிண்ணம் நிறைந்து ஃபில்டரைத் தாண்டிவிட்டால் பெஞ்சுக்குள் தண்ணீர் போய்விடும், பிறகு எந்த வாயுவாலும் அதைத் திருத்த முடியாது.

குறிப்பு வாயுவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவது எங்கள் தொழிலின் பழக்கம் என்று தோன்றலாம். 1958 மார்ச்சில் ஹவாயின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடங்கிய கார்பன் டைஆக்சைடு அளவீடும் இதே வகை அகச்சிவப்புக் கருவியில்தான் நடந்தது. உலகம் அந்த எண்களை நம்புவதற்குக் காரணம், கருவியைக் குறிப்பு வாயுக்களோடு ஓயாமல் ஒப்பிட்டு, ஒப்பிட்டதை எல்லாம் எழுதி வைத்தது. நைட்ரஜனில் கலந்த குறிப்பு வாயுவுக்கும் காற்றில் கலந்ததற்கும் அதே கருவி சற்று வேறு எண் தருகிறது என்று பின்னாளில் தெரிந்தபோது, பழைய எண்களைத் திருத்த முடிந்தது. குறிப்பு வாயுவின் கணக்கு கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

இதனால்தான் திருத்தும் முன் எண்ணைக் கேட்கச் சொல்கிறோம். நாங்கள் பார்க்கும் சான்றிதழ்கள் பலவற்றில் திருத்திய பின் வந்த எண் மட்டும் இருக்கிறது: வாயு 0.50, கருவி 0.50, பிழை இல்லை. கருவியைத் திருத்தியவுடன் 0.50 காட்டுவதில் வியப்பில்லை, அதற்குத்தானே திருத்தினார்கள். அன்று காலை அது என்ன காட்டியது என்பதுதான் கேள்வி. 0.36 காட்டியிருந்தால், கடைசியாகச் சரிபார்த்த நாளிலிருந்து அன்று வரை அந்த மையத்தில் வந்த ஒவ்வொரு காரும் உண்மையில் நான்கில் மூன்று பங்குக்கும் குறைவாகவே அளக்கப்பட்டிருக்கலாம். பாரத் ஸ்டேஜ் 4, 6 வண்டிகளுக்குச் சான்று ஓராண்டு செல்லும். அந்த ஓராண்டும் தவறான எண்ணோடு ஓடும். திருத்தும் முன் எண் சான்றிதழில் கட்டாயம் என்று துறை ஓர் உத்தரவு போட்டால், நல்ல கேலிப்ரேஷன் செய்பவரையும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவரையும் அந்த ஒரு கட்டமே பிரித்துக் காட்டிவிடும்.

செலவைப் பற்றி உரிமையாளர்கள் கேட்பது நியாயம். கணக்கைப் பாருங்கள். வாரம் ஒரு முறை பின்பக்க நுழைவாயில் சோதனை, முறைக்கு 3 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 156 லிட்டர். மாதம் ஒரு முறை ப்ரோப் வழிச் சோதனை, பையைக் கழுவுவதும் சேர்த்து 10 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 120. மொத்தம் 276 லிட்டர். 100 பார் அழுத்தத்தில் நிரப்பிய 5 லிட்டர் சிலிண்டரில் 500 லிட்டர் வாயு இருக்கும். 10 பாருக்குக் கீழே போனால் கலவையை நம்பக் கூடாது என்பதால் கடைசி 50 லிட்டரைக் கழித்துவிடுங்கள். மீதி 450 லிட்டர், ஒன்றரை ஆண்டுக்கு வரும். அதே அழுத்தத்தில் 10 லிட்டர் சிலிண்டர் வாங்கினால் பக்கத்திலுள்ள மூன்று மையங்கள் ஓராண்டுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். ரெகுலேட்டர் ஒரு முறை வாங்குவது, பை தேய்ந்தால் மாற்றுவது.

பாதுகாப்பைச் சொல்லாமல் சிலிண்டர் வாங்கச் சொல்வது முறையல்ல. கார்பன் மோனாக்சைடு நிறமும் வாடையும் இல்லாத விஷம். 0.5 சதவீத வாயுவில் ஒரு பை நிறையக் கொட்டகைக்குள் கலந்தாலும் காற்றில் சேர்வது இரண்டு, மூன்று பிபிஎம்தான், ஆபத்தில்லை. ஆனால் 3.5 சதவீத வாயு 500 லிட்டர், பத்தடிக்குப் பத்தடி அறையில் இரவெல்லாம் கசிந்தால் 600 பிபிஎம்மைத் தாண்டும். காலையில் கதவைத் திறந்து உள்ளே உட்காருபவருக்கு அது உயிர் ஆபத்து. சிலிண்டரை வெளியே, நிழலில், சங்கிலி போட்டுச் சுவரோடு நிறுத்தி வையுங்கள். வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மட்டும் மூடினால் போதாது, சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். கருவியின் வெளியேற்றுக் குழாய் ஜன்னலுக்கு வெளியே போகட்டும்.

துறையிடம் கேட்பதை ஆய்வுப் படிவத்தில் ஒரே வரியாகச் சேர்த்துவிடலாம்: தேதி, சிலிண்டர் எண், காலாவதித் தேதி, அறையின் காற்றழுத்தம், பிஇஎஃப், வாயுவின் அளவு, ப்ரோப் வழியே திருத்தும் முன் கருவி காட்டிய மோனாக்சைடு, டைஆக்சைடு, ஹைட்ரோகார்பன், ஆக்சிஜன். பத்துக் கட்டங்கள். நிரப்பப் பத்து நிமிடம். கருவி ஏற்கெனவே சூடாக இருக்கும், வண்டி எதையும் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. அலுவலர்களுக்கு இதைச் செய்து காட்ட வேண்டும் என்றால், எந்த மாவட்டத்திலும் பையையும் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு வந்து காட்ட எங்களைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம். மலை மாவட்டங்களிலிருந்து தொடங்கினால் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
வாயு அளவீட்டுக் கருவிகளைப் பழுதுபார்த்துக் கேலிப்ரேஷன் செய்யும் தொழில்நுட்பர்கள் சிலர்